மாடிப்படிக்குக் கீழே பெயிண்ட் டப்பாக்கள்

மார்ச் 3
வீடு விற்றாயிற்று. பொருள்களைப் பிரித்ததில் மனைவிக்கு அலமாரி, தையல் மெஷின், நாற்காலிகள். எனக்கு, மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் மீதிப் பெயிண்ட் டப்பாக்கள். ஆனைக்கும் பானைக்கும் சரி. வீடு வாங்குகிறவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இதையெல்லாம் காலி பண்ணிட்டுத்தான் சாவி குடுக்கணும்."

மார்ச் 4
சிங்க்கில் ஊற்றிவிடலாம் என்று டப்பாவைச் சாய்த்தேன். என்னவோ உறுத்தியது. அவளுக்குப் போன் செய்தேன். என்னைப் பிரிந்து தன் அக்கா வீட்டுக்கு அவள் போன பிறகு நானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றாள் பதறி.

பெயிண்ட் என்றேன். மீதியை என்ன செய்வது என்று கேட்டேன்.

"சுவத்துக்கு அடிச்ச எமல்ஷன்ல மரத்தூள் கலந்து காய வையுங்க. ஆயில் பெயிண்ட்டை அப்படிப் பண்ணக் கூடாது, நகராட்சிக் கிடங்குல வாங்கிப்பாங்க. சிங்க்ல மட்டும் ஊத்திடாதீங்க."

"சேச்சே, நான் என்ன முட்டாளா?" டப்பாவை மெதுவாக நிமிர்த்தினேன்.

மார்ச் 6
ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய ஆயில் பெயிண்டையும் தின்னரையும் மூடியை இறுக்கிக் கிடங்கில் கொடுத்தேன். இன்று நான் வாய் திறந்து பேசியது அங்கே சொன்ன ஒரு "நன்றி" மட்டும்தான்.

மார்ச் 7
தச்சரிடம் மரத்தூள் வாங்கிவந்தேன். சமையலறைப் பச்சைதான் நிறைய மிச்சம். கலந்து பால்கனியில் திறந்து வைத்தேன்.

"எவ்ளோ தூள் போடணும்?"

"கூழ் மாதிரி ஆகுற வரைக்கும்."

இதற்கு ஒரு போன் தேவையா? தேவைதான்.

மார்ச் 9
காயவில்லை என்றேன். "ஈரக் காத்து. உள்ள வச்சு ஜன்னலைத் திறந்து விடுங்க." பிறகு, "சாப்டீங்களா?" சாப்பிட்டேன் என்று புளுகினேன்.

ஒரே வீட்டில் இருந்தபோது பேச ஒன்றுமில்லை. இப்போது பெயிண்ட் இருக்கிறது. வெட்கக்கேடு. ஆனாலும் பிடித்திருக்கிறது.

மார்ச் 10
மேலே ஆடை கட்டியிருந்தது. குச்சியால் கிளறிவிட்டேன். கிளற வேண்டிய அவசியமே இல்லை.

மார்ச் 12
கல்லாகிவிட்டது. நகம்கூட இறங்கவில்லை. இனி எதைச் சொல்லிக் கூப்பிடுவது? போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். காலி ஹாலில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன் — தனியா இருக்கறது இவ்ளோ கஷ்டமா இருக்கும்னு யாருமே சொல்லலையே.

மார்ச் 13
காய்ந்துவிட்டது குப்பை எடுப்பவருக்குத் தெரியட்டும் என்று மூடி இல்லாமல் டப்பாவைக் குப்பைத் தொட்டியில் வைத்தேன். காலையிலேயே வண்டி வந்து எடுத்துப்போனது.

சாயங்காலம் போன். அவள்தான்.

"பச்சை காஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"சரி," என்றாள். "அப்ப நாளைக்கும் கேக்கறேன்."