உங்கள் தலைக்கு இடம் வைக்காத சட்டம்

என்றும் என் அன்புக்குரிய அண்ணா,

நீங்கள் கண்மூடிய பிறகு முரசுமோட்டையில் உங்கள் கொட்டிலைப் போன கிழமைதான் திறந்தேன். நீங்கள் கட்டிக்கொண்டிருந்த ஒற்றை இருக்கை விமானம் அப்படியே நிற்கிறது. விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியின் இரும்புச் சட்டம் மட்டும் பூட்டாமல் தனியே கிடந்தது. உங்களோடு நின்று வெல்டிங் செய்த ரபீக்கைக் கூப்பிட்டேன்.

சட்டத்தை மேலே வைத்து, நீங்கள் செய்வதுபோலச் சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டினோம். எங்கும் இடைவெளி இல்லை. தலை இடிக்குதா என்று பார்க்க ரபீக் என்னை ஏறி இருக்கச் சொன்னார். என் உச்சிக்கும் சட்டத்துக்கும் நடுவே நாலு விரல் இடம், அளந்து வைத்தாற்போல.

குசினி வாசலிலேயே குனிந்து வருகிற நீங்கள் இதற்குள் எப்படி இருந்திருப்பீர்கள்?

அப்போதுதான் நினைவு வந்தது. சட்டம் வளைத்த நாட்களில் இருக்கைக்குப் பாரம் வேணுமென்று என்னை ஏற்றினீர்கள். நெல்லு மூட்டையை வைக்கச் சொன்னேன். "மூட்டை குறை சொல்லாது, பிள்ளை. எனக்குக் குறை சொல்லுற ஆள்தான் வேணும்" என்றீர்கள். நானும் சிரித்தேன்.

ரபீக்கிடம் கேட்டேன். அவர் டியூப்பை அவிழ்த்தபடி சொன்னார்:

"ஆஸ்பத்திரியில கான்சர் எண்டு சொன்ன கிழமையே தன்ர அளவுச் சட்டத்தை வெட்டிப்போட்டு உங்கட அளவுக்கு வளைச்சவர், டீச்சர். தங்கச்சிக்குச் சொல்லாதை எண்டவர். பறக்காது எண்டு சொல்லுறவளைத்தான் ஏத்தவேணுமாம்."

எனக்கு அல்சர் என்றுதானே சொன்னீர்கள்? தேத்தண்ணீரைக் குறைக்கச் சொல்லி நான் ஏசியபோதெல்லாம் தலையாட்டினீர்களே. ரபீக்குக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாதா? நான் தாங்கமாட்டேன் என்று யார் சொன்னது?

நான் பௌதிகம் படித்தவள். இது பறக்கும் என்று இன்றும் நம்பவில்லை. பறக்க அனுமதி கிடைக்கும் என்பதையும் நம்பவில்லை. வானத்தில் இரைச்சல் கேட்டால் இன்னமும் குண்டுக்குப் பயந்து குனிகிற சனம் நாங்கள். ஆனால் உங்களை நம்பியிருந்தேன், அண்ணா. பின்னேரங்களில் அந்தக் கொட்டிலுக்கு வந்தது விமானத்துக்காகவா?

சட்டத்தை வெட்டச் சொல்லிவிட்டேன். "இவ்வளவு வடிவாப் பொருந்தினதையோ?" என்று ரபீக் கேட்டார். ஓம் என்றேன். இனி உங்கள் உயரத்துக்கு வளைப்போம். பிழைத்தால் திரும்ப வளைப்போம். நீங்கள் நிமிர்ந்து இருக்கக்கூடிய சட்டம் பூட்டும்வரை நான் அதில் ஏறமாட்டேன். ஏறினாலும், தலைக்கு மேல் மிஞ்சுகிற இடம் உங்களுடையதாகவே இருக்கும்.

கோபம் ஆறாமல்,
நீங்கள் ஏமாற்றிய ஒரே தங்கச்சி