அரைக் குடத்தோடு நிறுத்தியவளுக்கு

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உடற்பயிற்சிக் கூடம் திறந்திருக்கிறார்கள். நேற்று எட்டிப் பார்த்தேன். புது ரப்பர் விரிப்பின் வாசனை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியிலிருந்து நீ திரும்பும்போது உன் புடவையோடு வந்த அதே வாசனை. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி. நீ கீழ்வீடு, நான் மாடி. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த உன் கணவருக்குக் கால்கள் செயலிழந்திருந்தன. நீயும் நானுமாகத்தான் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவோம். செய்தி சேகரிக்க நான் வெளியூர் போனால், வரும்வரை அவர் படுக்கையிலேயே கிடப்பார்.

திருநின்றவூரிலிருந்து உன் கொழுந்தனார் வந்தார். "அண்ணி, தனியா ஒரு பொம்பளையால இவர தூக்க முடியாது. பொங்கல் கழிச்சு நான் ஊட்டுக்கு இட்டுகினு பூடறேன்."

"பொங்கல் கழிச்சு வந்து பாரு," என்றாய். அவ்வளவுதான்.

மறுநாளே அடிபம்பில் பிளாஸ்டிக் குடங்களை நிரப்பி, பூந்தமல்லி ரோட்டு ஜிம்மில் ஆண்கள் எடை தூக்க எட்டிப் பார்த்ததை அப்படியே செய்தோம். அடுத்த நாள் உன்னால் தலை வார முடியவில்லை. எனக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், சிரித்தாலும் வலித்தது.

வலி தீர்ந்ததும் நீ கால் குடத்திலிருந்து தொடங்கினாய். ஒருநாள் விட்டு ஒருநாள், வேலை முடிந்து வந்ததும், ரேடியோவைப் போட்டுவிட்டு. முழங்கால் மடக்கி, முதுகு வளையாமல், குடத்தை மார்போடு அணைத்து எழுவது. முடிந்ததும் அந்தத் தண்ணீர் உலைக்குப் போகும். வாரங்கள் ஓட, குடத்தில் நீர் ஏறியது. அரைக் குடம் வந்தபோது எனக்கு அவசரம். முழுக் குடம் தூக்கப் பார்த்தேன். நீ கையைப் பிடித்தாய்.

"யம்மா ரிப்போர்ட்டரு, இன்னும் கொஞ்சம் தூக்கலாம்னு ஆசையா கீதுல்ல? அத்த நாளன்னிக்கு வெச்சிக்கோ."

கட்டிலிலிருந்து அவர் கேட்பார்: "இன்னாமே, பயில்வான் ஆவப் போறியா?"

"ஆனா மொதல்ல உன்னத்தான்யா தூக்கிக் கடாசுவேன்!"

பொங்கல் கழிந்து கொழுந்தனார் ஆட்டோவோடு வந்தார். நான் உதவ எழுந்தேன். கண்ணாலேயே உட்காரச் சொன்னாய். உன் கணவரின் கைகளை உன் கழுத்தில் கோத்து, இடுப்பை அணைத்து, எழுந்தாய். தடுமாறாமல் திரும்பி நாற்காலியில் இறக்கினாய்.

"இன்னிக்கு தூக்கிட்ட அண்ணி. தெனமும் முடியுமா?"

"தெனமும் தூக்கத்தான் இத்தினி நாளு அவசரப்படாம கத்துகினேன். நீ டீ குடிச்சிட்டுக் கெளம்பு."

ஆட்டோ காலியாகத் திரும்பியது. உன் கணவர் கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தார். பிறகு நீயும் போய்ச் சேர்ந்தாய். எடை தூக்குவதை நான் நிறுத்தவில்லை. உடம்பு மறுத்த நாள்களில் எடையைக் குறைத்துக்கொண்டேன், அவ்வளவே.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பெரிய அடியில்லை. ஆனாலும் பெங்களூரிலிருந்து மகன் வந்து, பரணிலிருந்து பெட்டியை இறக்கி, என் துணிகளை அடுக்கத் தொடங்கினான். "இனிமே தனியா எப்படிம்மா இருப்ப?"

வாதாடவில்லை. தரையில் உட்கார்ந்தேன். எதையும் பிடிக்காமல் எழுந்தேன். துணிகள் அடுக்கிய அந்தப் பெட்டியை அப்படியே தூக்கி, நானே பரணில் ஏற்றினேன்.