பத்துக்குப் பத்து

லாலாகுடா,
6.8.2024

அன்பின் மதினிக்கு, யூனிஸ் எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். முட்டு வலி எப்படி இருக்கிறது? மரியா வேளைக்கு மாத்திரை தருகிறாளா?

எனக்குப் பல் செட் வந்துவிட்டது. பல் காலேஜில் பிந்து டாக்டர் எனக்கென்று இரண்டு செட் செய்கிறாள். முதலில் தந்ததில் கடைவாய்ப் பல் மேடும் பள்ளமுமாக, நிஜப் பல் மாதிரி. அடுத்தது தட்டையாக வருமாம். இரண்டையும் போட்டுப் பார்த்து, எதில் திருப்தி என்று நான் மார்க் சொல்ல வேண்டும். அவளுக்கு அது படிப்பு. பிடித்ததை நான் வைத்துக்கொள்ளலாம். இந்தச் செட்டுக்குப் பத்துக்குப் பத்து சொல்லிவிட்டேன். முறுக்கே கடிக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் கெட்டுப்போயிற்று. அதனால்தான் ஞாயிறு கூப்பிட முடியவில்லை. பைபிள் சங்கீதத்தை மரியாவை வாசிக்கச் சொல்லுங்கள்.

யூனிஸ்

நாசரேத்,
16.8.2024

அன்புள்ள யூனிஸ்,

நவமணி சொல்ல மரியா எழுதுகிறாள். பல் வந்ததில் சந்தோஷம்.

நேற்று உன் நம்பருக்கு அடித்தேன். உன் பேத்தி ஷெர்லி எடுத்தாள். "ஆச்சியா? பக்கத்துலதான் இருக்காங்க. நக்கோ நக்கோன்னு கையை ஆட்டறாங்க" என்றாள். நக்கோ என்றால் வேண்டாமாமே. பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

என் தம்பி தனசிங் இருந்தவரை போனில் அவன் வாசித்தான். அவனுக்குப் பிறகு நீ. கண் போனவளுக்கு ஞாயிறு என்பதே உன் குரல்தான். மரியாவும் வாசிக்கிறாள், பஸ்ஸைப் பிடிக்கிறவள் மாதிரி. (இதையும் அம்மா எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன் அத்தை.)

நான் பாரமென்றால் சொல்லியிருக்கலாம். இனி அடிக்க மாட்டேன்.

நவமணி

லாலாகுடா,
28.8.2024

மதினி,

முதலில் மரியாவுக்கு: சிரிக்காமல் வாசி, தாயே.

போன் கெடவில்லை. கெட்டது என் பேச்சு. 'ஸ' வந்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டிக்கொள்கின்றன. ஜெபக்கூட்டத்தில் எழுந்து ஸ்தோத்திரம் என்றேன், கடக். சங்கீதம் என்றேன், கடக். முன்வரிசைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், தோள் மட்டும் குலுங்கியது. வீட்டுக்கு வந்தால் ஷெர்லி, "ஆச்சி வாய்ல குதிரை வண்டி ஓடுது, ஹவ், ஆமா!" என்கிறாள்.

ஐந்தாவதோடு நின்றவள் பார்க்காமலே சங்கீதம் சொல்கிறாள் என்று நான் தலைநிமிர்ந்து நின்ற இடம் அது, மதினி. அப்புறம் அங்கே எழுந்திருக்கவேயில்லை. அந்தச் சத்தம் உங்கள் காதுக்கு வர வேண்டாமென்று பார்த்தேன். குரலை மட்டுமே நம்பியிருக்கிறவருக்கு அதையும் இல்லாமல் செய்தேன். எழுதவே கை கூசுகிறது.

பிந்துவிடமும், பேச்செல்லாம் சரியா என்று கேட்டபோது பத்துக்குப் பத்து என்றேன். அத்தனை டாக்டர் பிள்ளைகள் முன்னால் வேறென்ன சொல்ல? நேற்று போய், பேச்சுக்கு இரண்டு மார்க் போதும், திருத்து என்றேன். "அம்மா, முந்தே செப்பாலி கதா!" என்று தெலுங்கில் பிடித்துக்கொண்டாள். முன்னமே சொல்வதற்கென்ன என்கிறாள். தட்டைப் பல்லில் சத்தம் குறையலாமாம், கறிதான் சரியாக அரைபடாதாம். போகட்டும், பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவேன்.

அது வர நாளாகும். நான் காத்திருக்கப்போவதில்லை. இந்த ஞாயிறு இதே பல்லோடு கூப்பிடுவேன். கடக்கென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எடுக்காவிட்டால், போன் கெட்டுவிட்டது என்று நினைக்க மாட்டேன்.

யூனிஸ்