இருட்டு கேட்ட வகுப்பறை

ஜனவரி 9

இன்றும் தாளாளர் அறையிலேயே பாதி நாள் போயிற்று. பள்ளியின் அறிவியல் கட்டடத்துக்கு நான் வரைந்த உயரமான ஜன்னல்களைப் பேனாவால் தட்டித் தட்டி, "இவ்வளவு ஜன்னல் எதுக்கும்மா? பிள்ளைங்க வேடிக்கை பாக்கவா? முன்பக்கம் பூரா கண்ணாடி போட்டு ஏசி வச்சிடுங்க" என்கிறார். வெயிலைக் கண்ணாடிக்குள் அடைத்து, பிறகு மின்சாரத்தைக் கொட்டி அதைக் குளிர வைப்பார்களாம். அதற்குப் பெயர் பசுமைக் கட்டடமாம்! என் தலையெழுத்து.

ஜனவரி 10

தலைவலி.

ஜனவரி 23

மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டேன். வடக்கு வெளிச்சமும் குறுக்கே ஓடும் காற்றும் போதும், பகலில் விளக்கே வேண்டாம் என்றேன். "சரி, உங்க இஷ்டம். ஆனா பகல்ல லைட் எரியறத நான் பாத்தேன்னா, அடுத்து கட்டப்போற விடுதி உங்களுக்கு இல்ல" என்றார்.

"அந்த விடுதி வேலை வந்தாதான் உன் ஆபீஸே நிக்கும். ஏன் வாயைக் குடுத்து மாட்டிக்கற?" என்றார் வீட்டுக்காரர். மாட்டிக்கொண்டாயிற்று.

நவம்பர் 17

கட்டடம் திறந்த பிறகு இன்றுதான் ஆசையாகப் பார்க்கப் போனேன். அய்யோ! ஜன்னல் பூராவும் கறுப்புத் தாள். பட்டப்பகலில் எல்லா டியூப் லைட்டும் எரிகிறது.

இயற்பியல் டீச்சரின் வேலை. கத்தித் தீர்த்தேன். அவர் அசையவே இல்லை. "ஒளிப் பாடத்துக்கு இருட்டு வேணுங்க. வெளிச்சத்துல லென்ஸ் காட்டற பிம்பம் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு பீரியடுக்கும் தாளை ஒட்டி ஒட்டிப் பிரிக்க முடியுமா? ஒரு வார்த்தை எங்கள கேட்டிருக்கலாமே?"

கேட்கவில்லைதான். கட்டடத்துக்குப் பணம் போடுகிற தாளாளரோடு அத்தனை சண்டை போட்டேனே — அதில் பாடம் நடத்தப்போகிறவரை மறந்தே போனேன். சீ!

நவம்பர் 19

ஜன்னல்களுக்கு உள்பக்கம் மடக்கு மரக்கதவு போட்டால் தீர்ந்தது. மூடினால் இருட்டு, திறந்தால் வெளிச்சம். தாளாளரிடம் போய் நின்றேன். "அன்னிக்கு ஜன்னல் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க. இன்னிக்கு அதை மூடணும்னு வந்து நிக்கறீங்க. நல்ல கூத்தும்மா!"

அவர் சொன்னதில் என்ன தப்பு? அதுதான் வயிற்றெரிச்சல். லைட் எரிந்ததையும் பார்த்துவிட்டாராம்.

டிசம்பர் 2

கதவுக்குச் சம்மதம். விடுதி வேலை மட்டும் கைவிட்டுப் போயிற்று. வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார், முன்பக்கம் பூரா கண்ணாடியாம். வீட்டுக்காரர் 'அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜனவரி 12

கதவுகள் மாட்டியாயிற்று. ஒரு கதவில் மட்டும் சின்ன ஓட்டை. இந்த முறை டீச்சரைக் கேட்டு, அவர் காட்டிய இடத்தில் போட்டது. "உக்காந்து பாத்துட்டுப் போங்க" என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எல்லாக் கதவையும் மூடி, அந்த ஓட்டையில் லென்ஸைப் பொருத்தினார். எதிர்ச் சுவரில் வெளியே இருக்கும் மைதானம் அப்படியே தலைகீழாக விழுந்தது. வானம் கீழே, மரம் மேலே, இலை அசைவதுகூடத் தெரிந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மைதானத்தின் குறுக்கே தாளாளர் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வழக்கமான மிடுக்கோடு, கால் மேலே தலை கீழேயாக, சுவரில் நடந்து போனார்.

பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலில் சிரித்தது நான்தான்.