பின்பக்கத்துக் குழாய்

மாசி, சனிக்கிழமை.

பள்ளிக்கூடங்களுக்குக் குடிதண்ணீர் வசதி செய்ய நிதி திரட்டும் நடைப்பயணம். ஆபீஸ் ஸ்டெல்லாவோடு போனேன். புதுக்கோட்டையில் ராஜா காலத்துத் தெருக்குழாய்களைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். எல்லாம் வறண்டு கிடக்கின்றன. கையில் பாட்டில் தண்ணீர்.

சந்தைப் பக்கம் ஒரு கல்மேடை. முன்னால் சிங்கமுகக் குழாய். எல்லோரும் அதோடு செல்ஃபி எடுத்தார்கள். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே, சுற்றிப் போய்ப் பார்த்தேன். பின்பக்கம், சாக்கடையை ஒட்டி, முழங்கால் உயரத்தில் இன்னொரு குழாய்.

"இங்கிட்டு ஒண்ணு இருக்கே, இது யாருக்குங்க?" என்று வழிகாட்டியைக் கேட்டேன்.

"குதிரைக்குங்க மேடம். வாங்க, நேரமாச்சு."

ஸ்டெல்லா குனிந்து பித்தளைத் திருகைத் தடவினாள். விரல் படும் இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"குதிரை வந்து குழாயத் திருகுமா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அங்கேதான் தண்ணீர் குடிப்பாராம்.

"எந்தப் பக்கம்ப்பா?"

"முன்பக்கந்தான். இதென்ன கேள்வி?"

ஸ்டெல்லாவின் அப்பாவும் இந்த ஊரில்தான் படித்தார். அவர் எந்தப் பக்கம் குடித்தாரென்று ஸ்டெல்லாவைக் கேட்கச் சொல்லலாமென்று போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.