என் அறை காலி

அன்புள்ள அப்பாவுக்கு வேல்விழி வணக்கத்துடன் எழுதுவது. டெல்லியில் நான் சுகம். கடையத்தில் சாரல் விழுகிறதா? அம்மாவின் முட்டுவலி தேவலையா?

நேற்று ஆபீசில் ஒரு வேடிக்கை. குற்றாலம் வருகிறவர்களுக்காக மலையடியில் மேலும் மேலும் லாட்ஜ் கட்ட வேண்டாம், பக்கத்து ஊர் வீடுகளில் சும்மா கிடக்கும் அறைகளில் தங்கட்டும் என்று ஒரு திட்டம். எழுதிக் கொடுத்தவளே நான்தான். அதற்கு இணையதளம் செய்ய ஆள் எடுக்கிறோம். தென்காசிக்காரர் விஜய்பாண்டி, வீட்டு அறைகளை வாடகைக்கு விடத் தான் ஏற்கெனவே செய்த தளத்தைத் திரையில் காட்டினார். முதல் படத்திலேயே என் கட்டில், என் பச்சைப் போர்வை! அடுத்து வீடியோவில் நீங்கள்.

“எம் மவ ரூமுதான். அவ டெல்லில இருக்கா, இனி இங்கன எங்க வரப்போறா? நீங்க தாராளமா தங்குங்க.”

விஜய்பாண்டி அதை இங்கிலீஷில் சொன்னதும், வீட்டுக்காரர் எவ்வளவு அன்பாக அழைக்கிறார் என்று மேலதிகாரி மெச்சினார். அது என் அப்பா என்று சொல்லாமல் நானும் தலையாட்டினேன். விஜய்பாண்டியையே வேலைக்கு எடுத்துவிட்டோம்.

கோபமெல்லாம் இல்லை அப்பா. போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம். பச்சைப் போர்வையை மட்டும் மடித்து உள்ளே வையுங்கள். அம்மாவிடம் கொஞ்சம் மோர்மிளகாய் அனுப்பச் சொல்லுங்கள்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. தீபாவளிக்கு அந்த அறையை அந்தத் தளத்திலேயே என் பெயருக்குப் பதிவு செய்திருக்கிறேன். ‘வீட்டுக்காரரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது’ என்றே இன்னும் காட்டுகிறது. போனைக் கொஞ்சம் பாருங்கள் அப்பா.

உங்கள் மகள்,
வேல்விழி