உன் மூக்குக்குத் தெரிந்தது

இன்று காலை ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் குப்பியைக் கையில் கொடுத்தார்கள். எப்போதும் செய்யும் சோதனைக்குத்தான் போயிருந்தேன். ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வந்து, சிறுநீரின் வாடையில் கலந்திருக்கும் ரசாயனங்களை வைத்தே சிறுநீர்ப்பை, சிறுநீரகப் புற்றுநோய்களைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஒரு கருவியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம், உங்களுடையதும் கொஞ்சம் வேண்டும் என்றாள். எனக்கு உன் குரல்தான் கேட்டது.

அன்றைக்கு பாத்ரூம் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்து நின்றாய். "ஏனுங்க, நீங்க ஒண்ணுக்குப் போனா வர்ற வாசம் முன்ன மாதிரி இல்லீங்க. டாக்டரப் பாக்கலாம்."

தண்ணீர் குடிக்காததுதான் என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கார்மெண்ட்ஸுக்கு லீவு போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாய். வாடையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்ற டாக்டர், எதற்கும் பார்த்துவிடலாம் என்று சோதிக்கச் சொன்னார். சிறுநீர்ப்பையில் சின்னக் கட்டி. ஆரம்பமே என்பதால் எடுத்துவிட்டார்கள். கௌதள்ளியிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம், "என்ற மூக்குக்கு ஒரு மூக்குத்தி வாங்கித் தரச் சொல்லுங்க" என்று சொல்லிச் சிரித்தாய்.

வாங்கித் தந்தேன். அதைப் போட்டுக்கொண்டு நீ வேலைக்குப் போனது கொஞ்ச காலம்தான். நாளெல்லாம் குனிந்து தைப்பதால் வந்த இடுப்பு வலி என்றே இருவரும் நினைத்தோம். ஸ்கேன் எடுத்தபோது, சிறுநீரகத்தில் தொடங்கியது நுரையீரல்வரை போயிருந்தது.

"என்ற வாசம் எனக்குத் தெரியலீங்களே" என்றாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில். நஞ்சன்கூட்டு பெயிண்ட் கம்பெனியில் என் மூக்கு எப்போதோ மரத்துப்போனது உனக்குத் தெரியும். அதனால் உங்களுக்காவது தெரியலையா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"இந்தக் கருவி எப்போது வரும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"இன்னும் ஆராய்ச்சிதான் சார். நாளாகும்" என்றாள் கன்னடத்தில். பிறகு, உங்களுக்கு முதலில் எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். மனைவிதான் வாசம் பார்த்துச் சொன்னாள் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த தடவை அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேச வேண்டும் என்றாள்.

"ஆய்த்தம்மா" என்று கன்னடத்திலேயே சரி சொல்லித் தலையாட்டிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. இறங்கிப் போய்த் திருத்த மனம் வரவில்லை. அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை நீ வேலைக்குப் போயிருக்கிறாய், சாயங்காலம் வந்துவிடுவாய். நானும் உன்னை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.